உப்புக்காற்றில் ஓடும் சக்கரங்கள்



ஆறுமுகநேரியில் வாழ்வோருக்கு உப்பைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரை ஒட்டி உப்பளங்கள். அவற்றிற்கு அப்பால் கடல். கொண்டல் வீசும் நாட்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டு விரலை நாவில் வைத்தால் கரிக்கும். கதவின் கீல், சைக்கிளின் செயின், மோட்டார் அறையின் தகரம் என்று எல்லாவற்றையும் துரு தின்பதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். ஆயினும் கார் வாங்கினால் அதன் மேற்பூச்சைத்தான் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறோம். சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. உப்புச் சேறு முதலில் தெறிப்பதும், பிரேக்கின் சூடு நேராகத் தாக்குவதும் அங்கேதான்.

எங்கள் மதரஸாவுக்கு ஒரு பழைய வேன் உண்டு. தொலைவான தெருக்களின் பிள்ளைகளை அஸருக்குப் பின் ஏற்றி வந்து, இஷாவுக்கு முன் வீடு சேர்ப்பது அதன் வேலை. அதன் பின்சக்கரம் ஒன்றில் வாரந்தோறும் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆணியும் இல்லை, கிழிசலும் இல்லை. பஞ்சர் கடை அண்ணாச்சி சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். குமிழிகள் டயரிலிருந்து வரவில்லை. டயரும் இரும்பு டிஸ்க்கும் சேரும் விளிம்பிலிருந்து வரிசையாக எழுந்தன. "பஞ்சர் இல்ல பாய், டிஸ்க்குல துரு. காத்து அங்கனதான் போவுது" என்றார்.

டயரைப் பிரித்தபின் உள்விளிம்பைக் கண்டோம். இரும்பு துருவாகும்போது தன் பழைய பருமனைவிடப் பெரிதாக உப்பும். அந்த உப்பல் டயரின் ஓரத்தை நெம்பிக்கொண்டு நிற்க, இடுக்கு வழியே காற்று கசிகிறது. டியூப் இல்லாத டயர்களில் இது அதிகம் நேரும். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். சூடு மிகுந்தால் வெடிக்கவும் கூடும். அந்த டயரின் மேல் அமர்ந்திருப்பவர்கள் பெற்றோர் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்த பிள்ளைகள். சக்கரத்தைப் பளபளப்பாக வைப்பது வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்று நினைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

துருவுக்கு இரும்பு, ஈரம், காற்று ஆகிய மூன்றும் போதும். உப்பு சேர்ந்தால் ஈரம் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும், அரிப்பு விரைவாகும். மேலும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். எனவே மழையே பெய்யாத மாதத்திலும் நம் வண்டியின் சக்கரம் முழுதாக உலர்வதில்லை.

அதனோடு பிரேக் தூசி சேர்கிறது. பிரேக் பேடு சுழலும் இரும்புத் தட்டை உரசும்போது இரண்டும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. முன்சக்கரங்களில் கரும்புழுதி அதிகம் படிவதற்குக் காரணம், வண்டியை நிறுத்தும் உழைப்பில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது என்பதே. அந்தப் புழுதியில் நுண்ணிய இரும்புத்துகள்கள் உள்ளன. சூட்டோடு பறந்து சக்கரத்தின் பூச்சில் பதிந்து, ஈரம் பட்டதும் தாமே துருப்பிடித்து ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரிகின்றன. அலாய் வீலுக்குத் துரு வராது என்று வாங்கியவர்கள் இப்புள்ளிகளைக் கண்டு திகைக்கிறார்கள். அலுமினியம் செந்துருப் பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்த இடத்தில் உப்பு புகுந்தால் வெண்பொடி பூத்து, புழு ஊர்ந்த தடம்போல் அரிப்பு பரவும்.

இதைப் போக்க வாட்டர் சர்வீஸ் கடைகள் சிலவற்றில் ஆசிட் கலந்த நீரைச் சக்கரத்தில் அடிக்கிறார்கள். ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும், அதுதான் ஆபத்து. ஆசிட் அழுக்கோடு பூச்சையும் அரிக்கும். இடுக்கில் தங்கியது நட்டையும் விடாது. கழிவறை கழுவும் திரவத்தை வீட்டிலேயே ஊற்றுவோரும் உண்டு. வேண்டாம். கார் ஷாம்பு, மென்மையான பிரஷ், வாளித் தண்ணீர் போதும். சக்கரம் ஆறிய பிறகே கழுவுங்கள். சூடான பிரேக் தட்டில் குளிர்நீர் பட்டால் தட்டு கோணக்கூடும். உலர்ந்த பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு, மூச்சில் போகும். நனைத்துத் துடைப்பதே நலம்.

நம் ஊர்ப்பக்கம் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் போர் தண்ணீர் கரிக்கிறது. அதைக் கொண்டு காரைக் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே பூசியதாகும். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரோ குடிப்பதற்கு. காருக்கு ஊற்ற மனம் வருமா? நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, வாசலில் குழாயைத் திறந்துவிட்டு நிற்க முடியாது. நாங்கள் கண்ட வழி: அழுக்கையும் சேற்றையும் போர் தண்ணீரால் போக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, உடனே உலர்த்துவது. நான்கு சக்கரங்களுக்கும் அரை வாளி போதும். மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைப்போருக்கு அந்தக் கவலையும் இல்லை. உலர்ந்தபின் சிறிது கார் மெழுகு பூசினால் அடுத்த முறை தூசி ஒட்டுவது குறையும்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களின் வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்த பின்னும், ஹேண்ட் பிரேக் போட்டு நின்ற வண்டிகளில் பின்சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொள்வதுண்டு. டிரம்முக்குள் ஈரமும் சேறும் தங்கித் துருவேறுவதே காரணம். அவ்வாறு பிடித்த வண்டியை வலுக்கட்டாயமாக நகர்த்தாமல் மெக்கானிக்கை அழைத்து டிரம்மைத் திறந்து சுத்தம் செய்வதே சரி. மாறாக, ஒருநாள் மழைக்குப்பின் முன்பிரேக் தட்டில் தெரியும் மெல்லிய செந்துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை; நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

இன்னொன்று. துருவைத் தடுக்க டீசலையும் கழிவு ஆயிலையும் அடியில் தெளிக்கும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். பிரேக் தட்டில் ஒரு துளி பட்டால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

எங்கள் வேனின் டிஸ்க்கை என்ன செய்வது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. பூச்சு மட்டும் போதும் என்றார் ஒருவர். மேலோட்டமான துருவாக இருந்தால் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து (பெயரைப் பாருங்கள், உப்பு செய்ததை உப்புத்தாள்தான் சரிசெய்கிறது), பிரைமர் அடித்து, வீல் பெயிண்ட் பூசினால் போதும். விளிம்பே குழிகுழியாக அரிக்கப்பட்டிருந்தால் பூச்சு அதை மறைக்குமே தவிர ஆற்றாது. நாங்கள் புதிய டிஸ்க்கே வாங்கினோம். பொருத்தும்போது ஹப்பின் துருவைச் சுரண்டி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தார் எங்கள் ஓட்டுநர் காக்கா. அத்தோடு வேனின் அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்த்தார். நான்கையும்விட அதில்தான் துரு அதிகம். தாங்கும் போல்ட்டைக் கழற்றவே அரைநாள் ஆயிற்று.