சூரியன் முதுகுப் பக்கம் இறங்கும் கடற்கரை

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஜோடிகள் ஆசைப்படுவது, கடலுக்குள் சூரியன் இறங்கும் படத்துக்கு. சென்னையில் அது நடக்காது. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் கட்டடங்களுக்குப் பின்னால் போய் மறையும். கடலும் பொன்னொளியும் ஒரே சட்டகத்தில் வேண்டுமானால், விடிவதற்குள் மேக்கப் முடிந்திருக்க வேண்டும். பெண் மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறாள். மாப்பிள்ளை ஐந்தரைக்குக் கொட்டாவியோடு வந்து சேர்வது தனிக்கதை.

பெசன்ட் நகரின் வெள்ளை வளைவுக்குக் கீழே கைகோத்து நிற்பவர்களில் எத்தனை பேர் அதன் கதையைக் கேட்டிருப்பார்கள்? 1930 டிசம்பரில், மூழ்கியவர்களுக்கு உதவப் போய் இறந்த கார்ல் ஷ்மிட்டின் நினைவகம் அது.

தனுஷ்கோடி இன்னும் சங்கடமானது. 1964 புயல் சிதைத்த தேவாலயச் சுவர் கேமராவில் அழகாகத்தான் விழுகிறது. ஆனாலும் அதன்மேல் சாய்ந்து சிரிப்பதைவிட, சற்றுத் தள்ளி, அரிச்சல்முனை மணல் போதும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாதவர்களுக்குத் தரங்கம்பாடி. 1620-ல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் கடல் பார்த்த சுவரில் காலை வெயில் நேராக விழும். உப்புக் காற்றில் பட்டுப்புடவை பிசுபிசுக்கும். பருத்தி கட்டினால் முந்தானையாவது பறக்கும்.