பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

பெங்களூருவில் ஒரு கத்தோலிக்கப் பங்கு அலுவலகம். ஞாயிறு காலைத் தமிழ்த் திருப்பலி முடிந்த வேளை. தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரியும் இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி மேசைமுன் நிற்கிறாள். கன்னியாகுமரிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். அவளுடைய அக்காள் குழந்தைக்கு ஊரில் திருமுழுக்கு. ஞானத்தாயாக நிற்கவேண்டியவள் அவள். நான்கு ஆண்டுகளாக அவள் ஊரில் இல்லையாதலால், இப்போது வசிக்கும் பங்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கிவரும்படி ஊர்ப் பங்குத்தந்தை கேட்டிருந்தார்.

எழுத்தர் குடும்ப அட்டை எண்ணைக் கேட்டார். அவளிடம் அட்டை இல்லை. பதிவேட்டைப் புரட்டினார். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், அன்பியம், ஆண்டுச் சந்தா எனக் கட்டங்கள் நீண்டன. விடுதி அறையில் மூவரோடு தங்கியிருக்கும் ஒருத்தியை எழுத அவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. “கல்யாணம் ஆனதும் வந்து பதிஞ்சுக்கோங்கம்மா” என்றார், கனிவோடுதான். கடிதம் கிடைக்கவில்லை. திருமுழுக்கன்று வேறொருத்தி ஞானத்தாயாக நின்றாள்.

எழுத்தரைக் குறைகூறிப் பயனில்லை. இந்தியப் பங்குகள் பலவற்றின் கணக்கு குடும்பத்தையே அலகாகக் கொண்டது. சந்தா குடும்பத்துக்கு, அன்பியக் கூட்டம் வீட்டில், கிறிஸ்துமஸ் சந்திப்பும் வீட்டில். பிறந்த வீட்டை விட்டு வந்து, தனக்கென ஒரு வீடு அமையாத பத்துப் பதினைந்து ஆண்டுகளை இக்கணக்கு காண்பதே இல்லை.

சொல்லின் வரலாறோ வேறு கதை சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘பாரிஷ்’ கிரேக்கத்தின் ‘பரோய்க்கியா’ என்பதிலிருந்து வந்தது. அயல்நாட்டில் வந்தேறியாகத் தங்கியிருத்தல் என்பது அதன் பொருள். பேதுருவின் முதல் திருமுகத்தில் அச்சொல் அப்பொருளிலேயே வருகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் அதனைப் ‘பங்கு’ என்கின்றனர். ஒருவருக்கு உரிய பாகம் என்பது அதன் பொருள். வந்து தங்கியவரின் கூட்டம் என்று ஒரு மொழி. உரிமையுள்ள பாகம் என்று இன்னொரு மொழி. இரண்டும் அந்தப் பதிவேட்டில் இல்லை.

இதே பணியில் ‘இளைஞர்’ என்ற சொல்லும் இடர் தருகிறது. இந்திய அரசின் 2003ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வயது வரை என்றது. 2014ஆம் ஆண்டுக் கொள்கை 15 முதல் 29 வரை எனச் சுருக்கியது. இளையோரைப் பற்றி 2018 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், தன் ஆயத்த ஆவணத்தில் ஏறத்தாழ 16 முதல் 29 வரை எனக் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும், இரவுப்பணி முடித்து ஊருக்குப் பணம் அனுப்பும் செவிலியையும் ஒரே சொல் சுமக்கிறது. அமெரிக்க ஆயர்கள் 1996இலேயே, பதின்ம வயதின் இறுதி முதல் முப்பதுகள் வரை உள்ளோர்க்கெனத் தனியாக ஒரு பணித்திட்டம் வகுத்தனர். இந்தப் பங்கிலோ ஓர் இளைஞர் இயக்கம் மட்டுமே இருந்தது. அதில் பெரும்பாலோர் அப்பங்கிலேயே பிறந்த மாணவர்கள். குடில் கட்டுவதும் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதும் அவர்களது முதன்மைப் பணிகள்.

செவிலி பங்குத்தந்தையைச் சந்தித்தாள். அவர் மறுக்கவில்லை, “நீங்களே தொடங்குங்கள்” என்றார். தொடக்கம் எல்லாரும் செய்வது போலவே அமைந்தது. சுவரொட்டி, கிட்டார், புகழ்ச்சிப் பாடல்கள், சிற்றுண்டி. முதல் ஞாயிறு மாலை நாற்பது பேர் வந்தனர். இரண்டாவது கூட்டத்துக்குப் பதினொருவர். மூன்றாவதற்கு நால்வர், அவர்களுள் இருவர் அவளது அறைத்தோழியர்.

கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. பெங்களூரு உயர்மறைமாவட்டத்தில் வழிபாட்டு மொழி பற்றிய பூசல் பல பத்தாண்டுப் பழைமை உடையது. கன்னடமா தமிழா என்ற கேள்வி எழுந்த இடத்தில் எளிதில் ஆறாத காயம் இருக்கும். ஆங்கிலம் அங்கு யாரையும் புண்படுத்தாத மொழியாகத் தோன்றியது. ஆனால் அம்மொழியில் அவர்கள் தம் பெயரையும் நிறுவனத்தையும் சொன்னார்கள், களைப்பைச் சொல்லவில்லை.

அம்மாத இறுதியில் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து தோழி ஒருத்தி அழைத்தாள். டெங்கு வார்டில் ஓர் இளைஞன், கழுத்தில் செபமாலை, உடன் யாருமில்லை, பேசுவதும் சரியாகப் புரியவில்லை. சென்று பார்த்தபோது முகம் தெரிந்த முகமாக இருந்தது. ஞாயிறு மாலைத் திருப்பலியில் கடைசித் தூணருகே நிற்பவன். ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்துக்காரன், தாய்மொழி சாத்ரி, உணவகச் சமையற்கட்டில் வேலை. இரண்டு ஆண்டுகளாக அதே கோவிலுக்கு வந்துகொண்டிருந்தான். அவனுடைய பெயரை அங்கு ஒருவரும் அறிந்திருக்கவில்லை. தன்னைக் கடிதத்துக்காக அலைக்கழித்த அதே இன்மை, இவனைத் தனியே படுக்கையில் கிடத்தியிருப்பதை அவள் கண்டாள். அவளது கூட்டத்தின் சுவரொட்டியும் அவனுக்கென எழுதப்பட்டதன்று. அது மாலை ஏழு மணிக்குப் பணி முடியும், ஆங்கிலம் பேசும் ஒருவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

அவன் பிழைத்தான். அதன்பின் கிட்டார் உறைக்குள் போயிற்று. அவள் நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டங்கள் இழுத்தாள். பெயர், சொந்தப் பங்கு, பேசும் மொழிகள், வேலை நேரம், வார விடுமுறை நாள், இரத்த வகை, அவசரத்தில் யாரை அழைப்பது. ஒவ்வொரு திருப்பலிக்குப் பின்னும் வாயிலில் நின்று, தனியே வெளியேறுவோரிடம் பேசினாள். இரண்டு மாதங்களில் நோட்டு பாதி நிறைந்தது. கூட்டத்துக்கு ஏன் யாரும் வரவில்லை என்பதற்கான விடையும் அதிலேயே இருந்தது. செவிலியர்க்குச் சுழற்பணி, உணவக ஊழியருக்குச் செவ்வாய்தான் விடுமுறை, காவல் பணியாளருக்கு விடுமுறையே இல்லை.

எனவே கூட்டம் இரண்டாயிற்று: ஞாயிறு மாலை ஒன்று, செவ்வாய் இரவு ஒன்று. முதல் அரைமணி தேநீர். பிறகு அவரவர் வாரத்தில் நடந்ததைச் சொல்வது. பெல்ஜியத்தில் கார்டைன் என்னும் குரு, இளந்தொழிலாளரோடு பணியாற்றியபோது வகுத்த ‘காண், சீர்தூக்கு, செயல்படு’ என்னும் முறையைப் பங்குத்தந்தை நினைவூட்டினார். இறுதியில் வேண்டுதல், அவரவர் தாய்மொழியில். அங்கே ஒரு வழக்கம் தானாக உருவானது. செய்தியை மொழிபெயர்ப்பார்கள், வேண்டுதலை மொழிபெயர்ப்பதில்லை. சாத்ரியில் ஒருவன் நெடுநேரம் வேண்டும்போது, ஒரு சொல்லும் விளங்காத மற்றவர்கள் அமைதியாகக் காத்திருந்து ‘ஆமென்’ என்றார்கள்.

பங்குப் பேரவையில் எதிர்ப்பு எழுந்தது. இவர்கள் இரண்டு ஆண்டில் போய்விடுவார்கள்; சந்தா கட்டுவதில்லை; ஆணும் பெண்ணுமாக இரவில் கூடுவதற்கு யார் பொறுப்பு? கேள்விகளில் பொருள் இல்லாமலில்லை. கடைசிக் கேள்விக்காக, நிரந்தரப் பங்கு மக்களான ஒரு தம்பதியர் ஒவ்வொரு கூட்டத்திலும் உடனிருக்க ஒப்பினர். முதலிரண்டுக்கும் பங்குத்தந்தை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துவந்தார். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கியவரும், மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்துடன் வந்தவரும் அங்குத் தற்காலிக உறைவிடம் பெறுகின்றனர் என்கிறது 102ஆம் விதி. அவ்வாறு உறைவிடம் பெற்றவருக்கு அவ்விடத்துப் பங்குத்தந்தையே தம் பங்குத்தந்தை என்கிறது 107ஆம் விதி. சந்தாவைப் பற்றியோ திருமணத்தைப் பற்றியோ அவ்விதிகளில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் ஏற்கெனவே எண்ணிவிட்டவர்களைப் பதிவேடுதான் எண்ணாமல் விட்டிருந்தது. ஓராண்டுச் சோதனை என்ற நிபந்தனையோடு பேரவை இசைந்தது.

நோட்டு அலுவலகத்தின் இரண்டாம் பதிவேடாயிற்று. மருத்துவமனையில் துணையிருக்க முறைவைத்த பட்டியல் ஒன்று உருவானது. புதிதாக வருவோர்க்கு நம்பகமான விடுதிகளின் பட்டியல் இன்னொன்று. 2019 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட ‘கிறிஸ்துஸ் வீவித்’ என்னும் அறிவுரை மடல், இளையோர் பணிக்கு இரு வழிகளைக் குறிக்கிறது: தேடிச் செல்லல், வளரச் செய்தல். முதலாவது ஓரளவு நடந்தது. இரண்டாவது இன்னும் அரைகுறைதான். மறைநூல் வகுப்பு இருமுறை தொடங்கி இருமுறையும் நின்றது. சிலர் தேநீரோடு விடைபெற்று, திருப்பலிக்கு வராமலே இருக்கின்றனர். அவர்களை யாரும் விரட்டுவதில்லை.

ஓராண்டு முடியுமுன் செவிலிக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. போய்விடுவார்கள் என்று பேரவையில் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருந்தார்கள். இத்தகைய பணியில் தலைமையேற்பவரும் வந்து தங்கியவரே. ஆகவே பொறுப்பைக் கைமாற்றுவதற்கான ஏற்பாடு முதல் நாளிலேயே தொடங்கியாக வேண்டும். நோட்டு இப்போது இருவர் பொறுப்பில் இருக்கிறது. ஒருவர் மங்களூருக்காரி. மற்றவன் அந்தச் சமையற்கட்டுத் தொழிலாளி.

புறப்படுமுன் அவள் அலுவலகத்துக்குச் சென்று, புதிய ஊரின் பங்குக்கு ஒரு கடிதம் கேட்டாள். அதே எழுத்தர் இரண்டாம் பதிவேட்டைத் திறந்து, பெயரைத் தேடி எடுத்து, கடிதத்தை எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். “அங்க போனதும் முதல்ல பேரைக் குடுத்துருங்கம்மா” என்றார்.

இதைப் படிப்போருள் ஆய்வுக்காகவோ வேலைக்காகவோ ஊர்விட்டு ஊர் வந்தோர் பலர் இருக்கலாம். தாம் செல்லும் கோவிலிலோ பள்ளிவாசலிலோ சங்கத்திலோ, தனியே வந்து தனியே வெளியேறும் ஒருவரின் பெயரை அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் உடனிருந்தால் நல்லது.