கூன் முதுகு யாருடைய விதி?

தோழர்களே, நம் தெருவில் வயதான பெண் ஒருவர் கூன் விழுந்து நடந்தால், "குனிஞ்சு நாத்து நட்டே முதுகு வளைஞ்சிடுச்சு" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பல பெண்களுக்கு முதுகெலும்பு நொறுங்கி அமுங்கியிருக்கும். அது விதியல்ல, எலும்புப்புரை என்ற நோய்.

மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. மூட்டு வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். எலும்புப்புரை பெரும்பாலும் எலும்பு உடையும்வரை வெளியே தெரியாது. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அடுத்த சில ஆண்டுகள் எலும்பு வேகமாகக் கரைகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்களுக்கு இது முன்னதாகவே தொடங்கிவிடும்.

என் அம்மா 54 வயதில் வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். சும்மா வழுக்கியதற்கே எலும்பு ஏன் உடைந்தது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. கூலிக்காரப் பொம்பளை விழுவதும் எழுவதும் சகஜம்தானே! எட்டு வருஷம் கழித்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் டெக்ஸா ஸ்கேன் எழுதினார்கள். டி-ஸ்கோர் -3.1. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுப்படி -2.5க்கு இறங்கினாலே எலும்புப்புரை. முதல் முறிவிலேயே கண்டுபிடித்திருந்தால், வாரம் ஒரு மாத்திரை அந்த இரண்டாவது முறிவைத் தடுத்திருக்கக்கூடும். தாய்க்கு இடுப்பு முறிந்திருந்தால் மகளுக்கும் ஆபத்து கூடுதல். ஆக, நானும் பரிசோதிக்க வேண்டியவள்தான்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' நம் வீட்டு வாசலுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறது. எலும்பைப் பற்றியும் விசாரிக்கச் சொல்லி நாம் கோர வேண்டும். முதல் சல்லடைக்கு மெஷின் தேவையில்லை. ஆசியப் பெண்களுக்காகவே உருவாக்கிய கணக்கு ஒன்று இருக்கிறது: எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்குங்கள். 60 வயது, 45 கிலோ என்றால் -3. விடை -1க்குக் கீழே போனால் டாக்டரிடம் ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும். இது நோயை உறுதிசெய்யும் கணக்கல்ல. யாரை முதலில் அனுப்புவது என்று காட்டும் கணக்கு.

அடுத்த முறை தெருவில் கணக்கெடுப்புக்குப் போகும்போது எடை மெஷின் ஒன்றைக் கொண்டுபோங்கள். இன்னும் மூன்று கேள்விகளும் கேளுங்கள்: மாதவிடாய் எந்த வயதில் நின்றது? 50 வயதுக்கு மேல் லேசாக விழுந்து எலும்பு முறிந்ததா? உயரம் குறைந்திருக்கிறதா? அந்தப் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். மனுவுக்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.