கொடைக்கானல் மலையில் ‘ஹில் டாப்’ வீடு... டாக்டர் ஐடா கடைசி வரை வாழ்ந்த இடம்!

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், ஹோம்மேட் சாக்லேட் என்று இரண்டே நாளில் முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வேலூர் சி.எம்.சி மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் தன் கடைசி 14 வருடங்களை வாழ்ந்ததும், இறந்ததும் இந்த ஊரில்தான் என்பது பலருக்குத் தெரியாது.

1953. ஐடாவுக்கு 82 வயது. ‘ஹில் டாப்’ பங்களாவில் தோழியுடன் உட்கார்ந்து, குவிந்து கிடந்த கடிதங்களையும் தந்திகளையும் பிரித்துக்கொண்டிருந்தார். சிறந்த பெண் மருத்துவர்களில் ஒருவராக நியூயார்க்கில் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்கான வாழ்த்துகள் அவை. பொதுவாகவே அவருக்குத் தபால் அதிகம். ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் எழுதியிருந்த கடிதம்கூட ஒருமுறை சரியாக அவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பின்கோடு இல்லாத காலம் அது!

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்வயதில் டாக்டராகும் எண்ணமே அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர். ஆனால், ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அதன் பிறகுதான் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தபோது, ‘மூன்று பேர் சேர்ந்தாலே அதிர்ஷ்டம்’ என்றார்கள். வந்த விண்ணப்பங்கள் 151.

1946-ல், 75 வயதில் ஓய்வுபெற்று மலையேறினார். அது குறிஞ்சி பூத்த வருடம். 12 வருடக் கணக்குப்படி 1958-லும் பூத்திருக்கிறது. இரண்டு பூப்புகளும் அவருடைய கொடைக்கானல் வாழ்க்கைக்குள்ளேயே வந்துபோயின.

முதுமையைப் பற்றி அவரிடம் புலம்பல் இல்லை. 65 வயதில் ஒரு டென்னிஸ் போட்டி. ‘இந்தப் பாட்டியோடா ஆட வேண்டும்?’ என்று எதிராளியான இளம்பெண் சலித்துக்கொண்டது அவர் காதில் விழுந்துவிட்டது. அந்தப் பெண்ணை ஒரு கேம்கூட எடுக்கவிடாமல் ஜெயித்தாராம் பாட்டி. மாணவிகளுக்கு அவர் கடைசிவரை ‘ஆன்ட் ஐடா’தான்.

1960 மே 24 அன்று, 89 வயதில், இதே வீட்டில் காலமானார். லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் நவீன ஹாஸ்பிஸ் இல்லத்தைத் திறந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து, 1967-ல்தான். குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியைக் குறைக்கலாம், மனிதரை மனிதராக நடத்தலாம் என்ற சிகிச்சை முறை பின்னர் இந்தியாவுக்கும் வந்தது.

ஐடாவுக்குச் சொந்த வீடும், சுற்றிலும் டாக்டர்களும் இருந்தார்கள். மலையில் எல்லா முதியவர்களுக்கும் அப்படி அமைவதில்லை. சாலை வருவதற்கு முன்பு, பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளைக்காரர்களை நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் சுமந்து ஏறிய மலைப்பாதைகள் உண்டு. அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளகவி கிராமத்தினர், தங்கள் நோயாளிகளை டோலி கட்டித்தான் நீண்ட காலம் கீழே இறக்கினார்கள். யாரைச் சுமந்தார்கள், எந்தத் திசையில் சுமந்தார்கள் என்பது மட்டும்தான் மாறியது.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலிநிவாரண சிகிச்சை தருவதும் உண்டு. பாதை சரியில்லாத மலைக் கிராமம் என்றால், மருந்துப் பையோடு அந்தச் செவிலியரும் நடந்துதான் போக வேண்டும்.