சாலிப்புழையில் ஒரு நாள்

ஆடி பிறந்துவிட்டால், காவிரிக் கரையில் பிறந்தவர் எங்கிருந்தாலும் அவர் மனம் ஆற்றை நாடும். சித்திரான்னமும் மஞ்சளும் காதோலை கருகமணியும் கொண்டு பெருக்கெடுத்த தாயை வணங்கும் மாதமன்றோ! பிழைப்பின் பொருட்டுக் கோழிக்கோட்டு இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து ஆண்டுகள் பத்தாகியும் நமக்கு அவ்வழக்கம் மாறவில்லை. ஆனால், சென்ற ஆடியில் நாம் சென்று கண்ட ஆறு, வணக்கத்தைக் காட்டிலும் அச்சத்தையே முதலில் தந்தது.

காரணம் நம் தமக்கையாரின் ஒரே மகன். பெங்களூரில் கல்லூரியில் பயில்பவன். கயாக் எனப்படும் ஒற்றையாள் படகில் அவனுக்குத் தீராத ஆசை. முதலில் நீச்சல் குளத்திலும், பின்னர் ரிஷிகேசத்தை அடுத்த சிவபுரியில் கங்கையிலும் பழகியவன். "மாமா, சாலிப்புழையில் படகு விட வருகிறேன். அம்மாவிடம் வேடிக்கை பார்க்கச் செல்வதாக மட்டுமே சொல்லியிருக்கிறேன்," என்றான். கணவரை இழந்த தமக்கையாரோ, "நீ இருக்கும் ஊர் என்பதால்தான் அனுப்புகிறேன்," என்று தொலைபேசியில் கூறினார். நாம் உண்மையைச் சொல்லவில்லை. அப்பிழை நம்முடையதே.

கோழிக்கோட்டிலிருந்து குந்தமங்கலம், தாமரசேரி வழியாகக் கோடஞ்சேரி ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இருப்புப் பாதை எட்டாத ஊராதலின், இரயில்வே ஊழியர்க்கும் பேருந்தே கதி. திருவிதாங்கூரிலிருந்து குடிபெயர்ந்த உழவர் பெருமக்கள் காட்டைத் திருத்தி உண்டாக்கிய ஊர் இது. பாக்கும் மிளகும் சாதிக்காயும் ரப்பரும் செழித்து நிற்கின்றன. பிறந்த மண்ணை விட்டு வந்தவர் கைவண்ணத்தைக் கண்டபோது நமக்கும் ஓர் உறவு தோன்றிற்று. அதற்கப்பால் உள்ளது புலிக்கயம். கயம் என்றால் ஆழ்ந்த நீர்நிலை. மலையாளத்தார் நாவில் இன்றும் வாழும் அச்சொல் நம் பழந்தமிழிலும் உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் துஷாரகிரி அருவிகளின் அருகே ஒன்றுகூடிச் சாலிப்புழையாகின்றன. அதன் நீர் முடிவில் சாலியாற்றை அடைந்து, பேப்பூரில் கடல் சேர்கிறது. கோடையில் பாறைகளுக்கிடையே மெலிந்து கிடக்கும் இவ்வாறு, மழைக்காலத்தில் பொங்கி நுரைக்கிறது. அதனாலேயே 2013இல் இங்கு மலபார் நதித் திருவிழா தொடங்கிற்று. சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் பல நாட்டுப் படகோட்டிகள் வந்து போட்டியிடுகின்றனர். நாம் சென்றது விழாவுக்கு முந்திய பயிற்சி நாளொன்றில்.

புறப்படுமுன் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் நம்மை எச்சரித்திருந்தார். 1982 சூலையில் முக்கத்தருகே இருவஞ்சிப்புழையில் தோணி கவிழ்ந்தபோது, பிறரைக் காக்க முனைந்த மொய்தீன் என்பார் தாமே நீருக்கு இரையானார். அவர் வாழ்வு 2015இல் திரைப்படமாகவும் வந்தது. "நீந்தத் தெரிந்தவரையும் கொள்ளும் நீர் அது," என்றார் பெரியவர். அச்சொல் வழி நெடுகிலும் காதில் ஒலித்தது.

அன்று ஐவர் இறங்கினர். படகு நெகிழியால் ஆனது. எட்டடி நீளம் இருக்கும். மூக்கு உருண்டு மேல்நோக்கி வளைந்தது. உட்கார்ந்தபின் இடுப்பைச் சுற்றிய பாவாடை போன்ற உறையைப் படகின் வாயில் மாட்டினால் நீர் உள்ளே புகாது. தலைக்கவசம், மிதவைச் சட்டை, இருபுறமும் அலகுள்ள துடுப்பு, எறிகயிற்றுப் பை ஆகியவையே மற்றக் கருவிகள். இத்தகைய நீரை ஆறு வகுப்புகளாகப் பிரிப்பர். ஆறாவது உயிருக்கே அறைகூவல். மலையில் ஒரு மழை பெய்தால், காலையில் மூன்றாம் வகுப்பாயிருந்த இடம் மாலையில் நான்காகிவிடும்.

நாம் குடையுடன் பாக்குத் தோப்பின் ஓரமாய்க் கரைவழியே நடந்தோம். முதற் சரிவிலேயே மருமகனின் படகு கவிழ்ந்தது! மேலே படகின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. மூன்று எண்ணுவதற்குள், துடுப்பை நீரில் அழுத்தி இடுப்பைச் சொடுக்கிப் புரண்டு எழுந்தான். பாறையின் பின்புறம் நீர் எதிர்த்திசையில் திரும்பி ஓடும் அமைதியான இடத்தில் ஒதுங்கி, நம்மை நோக்கிக் கையசைத்தான். நாம் கையசைக்கும் நிலையில் இல்லை.

அரை மைல் கடந்து ஓர் இடுக்கு. ஆறு முழுவதும் இரு பாறைகளுக்கிடையே நெருங்கி, இரண்டாள் உயரம் விழுந்தது. விழுந்த நீர் அடியில் சுருண்டு மேல்நோக்கித் திரும்பியது. அச்சுழியில் அகப்பட்ட படகை அது எளிதில் விடாது. படகின் மூக்கைத் தூக்கிச் சுழியைத் தாண்டி விழவேண்டும் என்றனர். போதாக்குறைக்கு முந்தின இரவு மழையில் வந்த மரமொன்று இடப்புறம் குறுக்கே சிக்கிக் கிடந்தது. கிளைகளினூடே நீர் போய்விடும், மனிதன் போகமுடியாது.

ஐவரும் கரையேறிப் பாறைமேல் நின்று நெடுநேரம் நோக்கினர். நேபாளத்திலிருந்து வந்த தலைவர் வலப்புறமாய்ப் பாய்ந்து, நுரையில் மறைந்து, வெளிப்பட்டார். பின்னொருவரும் கடந்தார். அடுத்தது நம் மருமகன். மும்முறை சென்று நீரைப் பார்த்தான். மும்முறையும் அவன் கண் அந்த மரத்திலேயே நின்றது. பிறகு படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாறை வழியே நடந்தான்.

வேடிக்கை பார்க்க வந்தவருள் சிலர் நகைத்தனர். வாசகர்களிடம் மறைப்பானேன்? அந்நொடியில் நமக்கும் சற்றே தலைகுனிவாயிருந்தது. காலையெல்லாம் அவன் உயிருக்கு அஞ்சிய நாமா இப்படி எண்ணினோம் என்று மறுநொடியே வெட்கினோம். அருகில் நின்ற முதிய உழவர் ஒருவர், "அந்தப் பையனுக்கு ஆறு தெரியும்," என்று தம் மொழியில் கூறினார். முதலில் பாய்ந்த தலைவரும் மருமகனின் தோளைத் தட்டினாரேயன்றி ஒரு சொல்லும் குறைவாய்ச் சொல்லவில்லை. சிவப்பு விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்தும் ஓட்டுநரை நாம் எவரும் கோழை என்பதில்லையே!

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். சூலை, ஆகஸ்டு மாதங்களே தக்க பருவம். குழந்தைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள். பாசி படிந்த பாறையில் கால் வைக்காதீர்கள். வானம் தெளிந்திருந்தாலும், நீர் திடீரெனக் கலங்கினால் உடனே மேடேறுங்கள். மலையில் மழை பெய்திருக்கும்.

மாலையில் கோடஞ்சேரித் தேநீர்க் கடையிலிருந்து தமக்கையாரை அழைத்தோம். நம் பொய், படகு, கவிழ்ந்தது, எழுந்தது, மரம், தோளில் சுமந்தது என யாவற்றையும் ஒளிக்காமல் கூறினோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. வசைக்குக் காத்திருந்தோம்.

"பிள்ளை சாப்பிட்டானா?" என்றார்.

மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் இரண்டாம் முறையாய் வாங்கி உண்டுகொண்டிருந்த மருமகனிடம் தொலைபேசியை நீட்டினோம்.