பன்னிரண்டு டாலர் புட்டி

கலிஃபோர்னியாவின் ஃப்ரிமான்ட்டில் அக்கா மகன் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒயினுக்கென்றே ஒரு முழு வரிசை. இடுப்பு உயரத் தட்டில் ஒரு புட்டி கண்ணில் பட்டது. முறுக்கிக்கொண்டு நிற்கும் திராட்சைக் கொடியின் படம், 'பழங்கொடி' என்று பொருள்படும் தங்க எழுத்து, விலை 11.99 டாலர், வரி தனி. ஜின்ஃபண்டெல் என்ற திராட்சையின் பெயர் முன்பக்கம் எங்கேயும் இல்லை. திருப்பினால் பொடி எழுத்தில் இருக்கிறது: ஜின்ஃபண்டெல் 68 சதம், மீதி பெட்டீட் சிராவும் அலிகான்ட் புஷேயும். ஒரே திராட்சையின் பெயரைச் சொல்லி ஒயினை விற்க வேண்டுமானால் அது 75 சதமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஏழு சதம் குறைந்ததில் பெயர் பின்னால் போய்விட்டது. விளைந்த ஊர் லோடை.

"பன்னெண்டு டாலருக்கு என்ன மாமா கிடைக்கும்? சர்பத்துதான்" என்றான் மருமகன்.

"லோடை எவ்வளவு தூரம்?"

"அறுபத்தஞ்சு மைல் இருக்கும். ஏன்?"

மறுநாள் சனிக்கிழமை. புட்டியைத் திறக்காமல் வைத்துவிட்டுக் கிளம்பினோம். வண்டி ஓட்டுவது அவன் என்பதால் குடிப்பது நான் மட்டும் என்று ஒப்பந்தம்.

ஆல்டமான்ட் மேட்டில் காற்றாலைகள், செப்டம்பர் வெயிலில் காய்ந்து வைக்கோல் நிறமான புல். ஸ்டாக்டன் தாண்டி 12-ஆம் எண் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் பச்சை. பதினொரு மணிக்கே வண்டியின் திரை 96 காட்டியது. நம் கணக்கில் முப்பத்தைந்துக்கு மேல். ஊருக்குள் உச்சியில் கரடி நிற்கும் வளைவு ஒன்று இருக்கிறது. 1907-இல் டோக்கே திராட்சைத் திருவிழாவுக்காகக் கட்டியது. டோக்கே என்பது சாப்பிடுகிற திராட்சை. ஊர் முதலில் பெயர் வாங்கியது அதில்தான். இப்போது 'உலகின் ஜின்ஃபண்டெல் தலைநகர்' என்று சொல்லிக்கொள்கிறது. பட்டம் ஊரே தனக்குச் சூட்டிக்கொண்டது.

ஊரைவிட்டுச் சில மைல் தள்ளி, மரக்கொட்டகை மாதிரி ஒரு சுவைக்கூடம். ஐந்து வகை ஒயின், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், கட்டணம் 15 டாலர். ஊற்றிக் கொடுத்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். குடிப்பதற்கு முன் கொடியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு அவரே கூட வந்தார்.

பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. நெஞ்சு உயரத்தில் ஒவ்வொரு கொடியும் தனித்தனிக் குட்டை மரமாக நிற்கிறது. தொடை கனத்துக்கு அடிமரம், அதிலிருந்து கைகளை விரித்த மாதிரி நாலைந்து கிளைகள். தரை முழுக்க ஆற்று மணல் போலப் பொடி மண். பத்தடி நடப்பதற்குள் செருப்பு நிறைந்துவிட்டது. இந்த மண்தான் காப்பாற்றியது என்றார். வேரைத் தின்று ஐரோப்பாவின் தோட்டங்களையே அழித்த ஃபைலாக்சரா பூச்சிக்கு மணல் ஆகாது. அதனால் இங்கே பல பழைய கொடிகள் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தேன். பறித்த பழத்தைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவனுக்கே புதுக் காட்சி. ஒரே கொத்தில் தோளோரம் நாலைந்து பழம் சுருங்கி உலர் திராட்சை ஆகிவிட்டது. நடுவில் கருநீலமாகப் பழுத்தவை. உள்ளே ஒளிந்தபடி இளஞ்சிவப்பில் இன்னும் செங்காய்கள். மூன்றையும் வாயில் போட்டேன். சுருங்கியது பாகு. பழுத்தது மெல்லிய தோல், நல்ல தித்திப்பு. செங்காய் பல் கூசுகிற புளிப்பு. ஜின்ஃபண்டெல் குணமே இதுதானாம், ஒரே நேரத்தில் பழுக்காது. செங்காய் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் மற்றவை உலர்ந்து சர்க்கரை ஏறிவிடும்; சர்க்கரை ஏறினால் சாராயச் சத்தும் ஏறும். 15 சதம், 16 சதம் எல்லாம் இந்தத் திராட்சைக்குச் சர்வ சாதாரணம்.

"அந்த நாலாவது கொடி வேறே. நசுக்கிப் பாருங்க" என்றார். முதலில் ஜின்ஃபண்டெல் பழம் ஒன்றை நசுக்கினேன். சாறு வெளிர் நிறம்தான். சிவப்பெல்லாம் தோலில் இருக்கிறது. நாலாவது கொடியின் பழத்தை நசுக்கினால் விரலெல்லாம் ரத்தம் மாதிரி. சதையே சிவப்பு. அதுதான் அலிகான்ட். ராத்திரி வரை நகக்கண்ணில் கறை போகவில்லை. நிறத்துக்கும் துவர்ப்புக்கும் பழைய ஆட்கள் தோட்டத்திலேயே கலந்து நட்டுவிடுவார்களாம். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது வீட்டில் காய்ச்சிக்கொள்கிறவர்களுக்காக ரயிலில் பழம் கிழக்கே போனது. தடித்த தோலும் கெட்டி நிறமுமாக இருந்த அலிகான்டுக்கு அப்போது ஏக கிராக்கி. கடைத் தட்டில் 'பிளெண்ட்' என்றால் மிச்சம் மீதியைக் கலந்தது என்று நினைத்திருந்தேன். இங்கே கலவை வேரிலேயே இருக்கிறது.

உள்ளே வந்து குடித்ததை நீட்டி எழுத ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி, ஓரத்தில் வழிந்த தாரைகளைக் காட்டி, இது எவ்வளவுக்குக் கனமோ அவ்வளவுக்கு உயர்ந்த ஒயின் என்று பாடம் எடுத்தார். அதே கோப்பையில் 34 டாலர் புட்டியையும் 18 டாலர் புட்டியையும் சுழற்றிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தாரை. இரண்டிலும் 15 சதத்துக்கு மேல் சாராயம். தாரை சொல்வது அதைத்தான்.

ஓக் மரம் தரும் வெனிலா வாசனை பன்னிரண்டு டாலர் ஒயினில் எப்படி வரும் என்று கேட்டேன். அந்த அம்மாள் மேசையிலேயே கணக்குப் போட்டார். 225 லிட்டர் பீப்பாயில் 300 புட்டி. புதுப் பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஆயிரம் டாலர் என்றால் புட்டிக்கு மூன்று டாலருக்கு மேல் மரத்துக்கே போய்விடும். அதனால் மலிவு ஒயினுக்குப் பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் ஓக் பலகையோ சில்லோ போட்டு ஊறவைப்பார்கள். 'பழங்கொடி' என்றால் எத்தனை வயது? சட்டத்தில் வரையறையே கிடையாது என்று சிரித்தார். இருபது வயதுக் கொடிக்கும் அதே தங்க எழுத்து போடலாம்.

சுவரில் ஜின்ஃபண்டெல்லை 'கலிஃபோர்னியாவின் சொந்தத் திராட்சை' என்று பழைய விளம்பரம் ஒன்று சொன்னது. அது உண்மை இல்லை. பக்கத்து டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் மெரிடித், குரோஷிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2001-இல் மரபணு பார்த்து முடித்துவிட்டார்: குரோஷியக் கடற்கரையின் ட்ஸர்லெனாக் காஷ்டெலான்ஸ்கிதான் இது. இத்தாலியின் பிரிமிடிவோவும் இதுவேதான்.

34 டாலர் புட்டி ஒன்று வாங்கினேன், ஒப்பிடுவதற்கு. திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் பிடுங்கிய கொடிகளை ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். காலையில் நான் தொட்ட அதே முறுக்கு, அதே கனம், வேர் மேலே பார்த்தபடி. கையால் பறிக்க வேண்டும், விளைச்சல் குறைவு, விற்கிற விலை கட்டுப்படியாகவில்லை என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். மருமகன் வண்டியை மெதுவாக்கினான், நிறுத்தவில்லை.

ராத்திரி இரண்டு புட்டியையும் மருமகன் காகிதப் பையில் சுற்றி 1, 2 என்று எழுதி ஊற்றினான். எது விலை கூடியது என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. பொய் சொல்ல முடியாது. இரண்டாவதை விழுங்கிய பிறகும் அரை நிமிடம் நாக்கில் மிளகும் கிராம்புமாக நின்றது. முதலாவதில் நாவல் பழம், கொஞ்சம் பேரீச்சை, கடைசியில் மரப்பொடி மாதிரி ஒரு வெனிலா. பத்து எண்ணுவதற்குள் முடிந்தது. அடியில் ஒரு இனிப்பு. ஒரு சொட்டைத் தட்டில் விட்டுக் காயவைத்துத் தொட்டேன், பிசுபிசு. சர்க்கரை எத்தனை கிராம் என்று புட்டியில் போட வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. சாராயம் 14.5 சதம் என்று அச்சிட்டிருப்பதும் அப்படித்தான். ஒரு சதம் வரை முன்னே பின்னே இருக்கச் சட்டம் விடுகிறது.

பிறகு மருமகள் மிளகு போட்ட ஆட்டுக்கறி சுக்காவைக் கொண்டுவந்து வைத்தாள். அங்கே ஆட்டம் மாறிவிட்டது. 34 டாலர் ஒயினில் 15.6 சதம்; காரத்தோடு சேர்ந்து தொண்டையை எரித்தது. பன்னிரண்டு டாலர் புட்டியை இதற்குள் இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். குளிர்ச்சியில் இனிப்பு அடங்கி, புளிப்பு முன்னுக்கு வந்து, காரத்துக்குப் பக்கத்தில் பாந்தமாக உட்கார்ந்தது. சர்பத்து என்று சொன்னவன் அன்றைக்கு இரண்டு கோப்பை குடித்தான்.

தனியாகக் குடிக்க இது வேண்டாம். கறியோடு குடிக்க, 11.99-க்கு, தாராளமாக வாங்கலாம். நான் மறுநாள் இன்னும் மூன்று வாங்கினேன். மிச்சம் வைத்த அரைப் புட்டியை மூன்றாம் நாள் ருசி பார்த்தேன். பழ வாசனை போய் வெறும் மரமும் இனிப்பும்தான் இருந்தன. திறந்தால் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.