அந்த ஒரு நாளும் மீதி அறுபது வருஷமும்

'ஹாக்ஸா ரிட்ஜ்' படம் உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. 2016-ல் மெல் கிப்ஸன் எடுத்தது. துப்பாக்கியைத் தொடவே மாட்டேன்னு அடம்பிடிச்ச ஒரு ராணுவ மருத்துவ உதவியாளர், ஒகினாவா மலை உச்சியில இருந்து காயம்பட்டவங்களை ஒவ்வொருத்தரா கயிறு கட்டி இறக்குவாரே, அந்தப் படம். அது நிஜக் கதை. அந்தச் சம்பவம் நடந்தப்போ டெஸ்மண்ட் டாஸுக்கு வயசு 26. அவர் இறந்தது 2006 மார்ச் மாசம், 87 வயசுல. நடுவுல கிட்டத்தட்ட 61 வருஷம் இருக்கு. அதைப் பத்தித்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்சதைச் சுருக்கமா சொல்லிடறேன். டாஸ் பிறந்தது 1919-ல், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் ஊர்ல. அப்பா தச்சு வேலை செய்யறவர். குடும்பம் செவன்த் டே அட்வெண்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. அவங்களுக்கு ஓய்வு நாள் ஞாயிறு இல்ல, சனிக்கிழமை. கொலை செய்யக்கூடாதுங்கற கட்டளையைச் சின்ன வயசுல இருந்தே அப்படியே எடுத்துக்கிட்டவர். கப்பல் கட்டும் தளத்துல வேலை, அதைக் காட்டி ராணுவத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஆனா 1942 ஏப்ரல்ல போய்ச் சேர்ந்தார். நாட்டுக்கு உழைக்கிறேன், ஆளைக் கொல்ல மாட்டேன், அடிபட்டவங்களைப் பார்த்துக்கறேன்னார். கூட இருந்தவங்க கிண்டல் பண்ணாங்க, மேலதிகாரிங்க வெளியே அனுப்பப் பார்த்தாங்க. மனுஷன் அசையலை.

1945 மே 5, அதுவும் ஒரு சனிக்கிழமை. தாக்குதல் தோத்து எல்லாரும் கீழே இறங்கிட்டாங்க. காயம்பட்டவங்க மேலயே கிடந்தாங்க. டாஸ் மட்டும் இறங்கலை. ஒருத்தரை இறக்கிட்டு, இன்னும் ஒருத்தரைக் காப்பாத்த உதவி பண்ணுன்னு கடவுளை வேண்டிக்கிட்டு, அடுத்தவரைத் தேடிப் போனார். எத்தனை பேர்னு பின்னால கணக்கு போட்டப்போ ராணுவம் நூறு பேர்னுச்சு, டாஸ் அம்பதுக்கு மேல இருக்காதுன்னார். கடைசியில நடுவுல வெச்சு 75-ன்னு முடிவு பண்ணாங்க. நம்ம ஆபீஸ் எஸ்டிமேஷன் மீட்டிங் மாதிரியேதான். ஒரே வித்தியாசம், இங்க வேலை செஞ்சவரே நம்பரைக் குறைச்சிருக்கார் :-)

ரெண்டு வாரம் கழிச்சு அவரே அடிபட்டார். கையெறி குண்டுல கால் முழுக்கச் சில்லு. தூக்கிட்டுப் போகும்போது வழியில இன்னும் மோசமா அடிபட்ட ஒருத்தரைப் பார்த்து, தன்னோட ஸ்ட்ரெச்சரை அவருக்குக் கொடுத்துட்டார். அப்புறம் ஒரு குண்டு கையை உடைச்சது. கீழே கிடந்த துப்பாக்கியோட கட்டையை எடுத்து, உடைஞ்ச கைக்குச் சிம்பு கட்டிக்கிட்டுத் தவழ்ந்தே போனார். ஆயுதம் எடுக்க மாட்டேன்னவருக்குத் துப்பாக்கி உதவினது இப்படி! அன்னிக்கு மனைவி டாரதி கல்யாணத்துக்குக் கொடுத்த சின்ன பைபிளும் தொலைஞ்சு போச்சு. ஒரு காலத்துல கிண்டல் பண்ண அதே பட்டாளம் தேடிக் கண்டுபிடிச்சு அனுப்பி வெச்சது. அக்டோபர் 12-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையால மெடல் ஆஃப் ஹானர். சுபம்.

சினிமாவுக்கு இது போதும். வாழ்க்கை அங்க நிக்கலையே.

1946-ல் மகன் பிறந்தான். அவங்களுக்கு ஒரே பிள்ளை. அதே வருஷம், போர்க்களத்துல ஒட்டிக்கிட்ட டிபி இருக்கறது தெரிய வந்தது. அஞ்சு வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி. இடது நுரையீரலையும் அஞ்சு விலா எலும்பையும் எடுத்துட்டாங்க. 1951-ல் வெளியே வந்தப்போ 90 சதவீத ஊனம்னு சான்றிதழ். அப்பா மாதிரி தச்சு வேலைக்குப் போகலாம்னா உடைஞ்ச கை ஒத்துழைக்கலை. ஜார்ஜியா மாநிலத்துல ஒரு சின்னப் பண்ணையில குடும்பத்தை நடத்தினார். டாரதி நர்ஸ் வேலைக்குப் போனாங்க. (படத்துல முதல் சந்திப்புலயே அவங்களை நர்ஸாக் காட்டுவாங்க. நிஜத்துல நர்ஸானது பின்னாலதான், வீடு நடக்கணுமேன்னு.)

1976-ல் ஆஸ்பத்திரியில கொடுத்த ஆன்டிபயாடிக் அளவு கூடிப் போய் காது முழுசாப் போச்சு. பன்னெண்டு வருஷம் ஒண்ணுமே கேட்காது. 1988-ல் காதுக்குள்ள கருவி பொருத்தின பிறகு திரும்பக் கேட்க ஆரம்பிச்சது. மூணு வருஷம் கழிச்சு, புற்றுநோய் வந்த டாரதியைக் கார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறார். வழியில விபத்து. டாரதி போயிட்டாங்க. வண்டியை ஓட்டினது டாஸ்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு. எங்க தாத்தாவும் பட்டாளத்துக்காரர். 1971 சண்டையில மேற்கு எல்லையில இருந்தவர். தினமும் குளிச்சு, நெத்தி நிறைய விபூதி பூசி, முருகன் படத்து முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னாத்தான் காபியே குடிப்பார். ஊர்ல இருந்து திரும்பி வந்து ஒரு பேங்க் வாசல்ல செக்யூரிட்டியா நின்னு மூணு பொண்ணுங்களைக் கட்டிக் கொடுத்தார். அவர் போன பிறகு பதினாறாம் நாள் சொந்தக்காரங்க எல்லாம் உட்கார்ந்து அந்தச் சண்டைக் கதையையே திரும்பத் திரும்பப் பேசிட்டிருந்தாங்க. பாட்டி வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "சண்டை ரெண்டு வாரம்டா கண்ணு. என்கூட அம்பத்தி நாலு வருஷம் இருந்தாரு. அதைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறீங்களே."

அதுக்கப்புறம் அவங்க சொன்னதெல்லாம் பெரிய விஷயமே இல்ல. பெரியம்மாவுக்கு டைபாய்டு வந்தப்போ நைட் ட்யூட்டி முடிச்சு வந்து பகல் முழுக்கப் பக்கத்துல உட்கார்ந்தது, பென்ஷன் வந்த அன்னிக்கே மளிகைக் கடை பாக்கியைத் தீர்த்தது, இப்படித்தான். ஆனா சொல்லும்போது பாட்டி குரல்ல இருந்த பெருமை, யுத்தக் கதை சொன்ன யார்கிட்டயும் இல்ல.

எங்க வேலையிலயும் இதே கதைதான். ரிலீஸ் அன்னிக்கு கேக் வெட்டுவோம், போட்டோ எடுப்போம். அதைப் பத்து வருஷம் உடையாம ஓட வைக்கிறவன் பேரு யாருக்கும் தெரியாது.

எனக்குப் பெரிசா சாமி நம்பிக்கை கிடையாது. அதனாலயே டாஸ் விஷயத்துல ஒண்ணு புரியலை. மலை மேல ஒவ்வொரு தடவையும் கேட்டது கிடைச்சது, அன்னிக்கு நம்பினதுல ஆச்சரியமில்ல. அப்புறம் நுரையீரல் போச்சு, காது போச்சு, தன் கையில இருந்த ஸ்டியரிங்லயே மனைவியும் போனாங்க. அதுக்கப்புறமும் அந்த மனுஷன் அதே சபையில, அதே நம்பிக்கையோட இருந்தார். 1993-ல் ஃப்ரான்சஸ்ங்கறவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, கடைசி வரைக்கும் குடும்பஸ்தனாவே வாழ்ந்தார். படம் எடுக்கறோம்னு வந்தவங்களைப் பல வருஷம் திருப்பி அனுப்பினார். மலை மேல இருந்த தைரியத்தை என்னால கற்பனை பண்ண முடியுது. 1991-க்கு அப்புறம் வந்த முதல் சனிக்கிழமை ஜெபத்துக்குப் போறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சா, அது அதைவிடப் பெரிசாத் தெரியுது.

டென்னஸி மாநிலத்துல சட்டனூகா ராணுவக் கல்லறையில அவரை அடக்கம் பண்ணியிருக்காங்க. மெடல் கொடுத்த நாளைத் தேடினா நெட்ல ஆயிரம் பக்கம் வருது. பண்ணையில அவர் பிள்ளை வளர்த்த நாட்களைப் பத்தி ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்குது.

உங்க வீட்டுலயும் ஒரு பட்டாளத்துத் தாத்தா இருப்பார். அவர் சண்டை முடிஞ்சு வந்த பிறகு என்ன பண்ணார்னு பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு இங்கயும் வந்து சொல்லுங்க.